வரைபடத்தில் இல்லாத மாடிப்படி

தணிகாசலம் இறந்த செய்தி வந்தபோது நான் மெட்டல் டிடெக்டரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மணிக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை அது. இரும்பு, பித்தளை, எவர்சில்வர் என்று மூன்று சிறு துண்டுகளை இட்லிப் பொடிப் பாக்கெட்டுகளோடு பெல்ட்டில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது துண்டு உள்ளே போனபோது முதலாளி வரதன் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே கைபேசிக்கு அனுமதியில்லை. ஆகவே அவர் தன் கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக் காட்டினார்.

நம் ஊர் உணவுத் தயாரிப்பாளர்களின் வாட்ஸப் குழு அது. "தணிகாசலம் சார் இன்று காலை காலமானார்." வாலாஜாபாத்தில் ஓர் அப்பளக் கம்பெனிக்குப் போனவர், காப்பிக்காகக் காத்திருந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ஏழாவதோ எட்டாவதோ கூப்பிய கைக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்: "சாரிடம் இருக்கும் என் ஃபைலை இனி யாரிடம் வாங்குவது?"

நான் மூன்றாவது துண்டையும் அனுப்பிப் பார்த்து, பதிவேட்டில் நேரம் எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

மாவு, மசாலா, அப்பளம், ஊறுகாய் என்று தொழில் செய்யும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறீர்கள். எங்கள் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டில் மூன்று ஆண்டுகளாக அவரோடு மல்லுக்கட்டியவள் நான் என்பதாலும், கொஞ்சம் எழுத வரும் என்பதாலும் என்னைக் கேட்டீர்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். அவரைப் பற்றி என்னிடம் நல்லதாக இருப்பவை இரண்டு. அவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். மற்றதையும் மறைக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது அவரை எனக்குப் பிடிக்காது. இறந்த பிறகும் பிடிக்கவில்லை. அச்சிட முடியாது என்று தோன்றினால் திருப்பித் தந்துவிடுங்கள். நடுவில் வெட்டி மட்டும் போடாதீர்கள்.

அவரை நீங்கள் அறிவீர்கள். சாம்பல் நிற ஸ்கூட்டர், அதன் காலடியில் இடுக்கிய கறுப்புப் பெட்டி, பெட்டிக்குள் நம் எல்லோருடைய ரகசியங்களும். சான்றிதழ் கொடுப்பவர் அல்லர் அவர். சான்றிதழ் கொடுக்க வருபவர்களுக்கு முன்னால் வந்து நம்மைத் தயார் செய்பவர். எங்களிடம் முதல் நாள் வந்தபோது பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். எந்தத் தரத்தில் என்ன கேட்பார்கள் என்று பக்கம் பக்கமாக நான் படித்துக் குழம்பியிருந்ததை ஒரே தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தார்.

"நமக்கு எது வேணும்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றார் முதலாளி.

"பரீட்சை மாதிரி நெனச்சிக்கோங்க முதலாளி. அரசாங்க லைசென்ஸ், அது பள்ளிக்கூடத்துல பேரு சேக்கறது. அது இல்லாம உள்ளயே வரக் கூடாது. ஹாசப்னு ஒண்ணு இருக்குது. எந்த எடத்துல தப்பு நடந்தா சாப்புடறவனுக்கு ஆபத்தோ அந்த எடத்தக் கண்டுபுடிச்சி, அங்க காவல் நிக்கறது. இதுக்கு மேல வர்ற எல்லாத்துக்கும் அதான் அடிப்பட. ஐ.எஸ்.ஓ. 22000-ல கேள்வியும் நீங்களே எழுதணும், பதிலும் நீங்களே எழுதணும். உங்க கம்பெனில என்ன ஆபத்துன்னு நீங்களே சொல்லி, அத எப்படித் தடுக்கறீங்கன்னும் நீங்களே சொல்லணும். சொன்னபடி செய்யறீங்களான்னு அவங்க பாப்பாங்க. எஃப்.எஸ்.எஸ்.சி. 22000-ல அது எல்லாமும் உண்டு, அதோட செவுரு எப்படி இருக்கணும், ஆளுங்க எந்த வழியா வரணும்னு அவங்களே கேள்வி குடுத்துடுவாங்க. மூணு வருஷத்துல ஒரு தடவ சொல்லாமலும் வருவாங்க."

"கடைசிக் கட்டம்?"

"அது லண்டன்ல பெரிய கடைக்காரங்க சேந்து பண்ணது. பேனாவக் கூட விட மாட்டாங்க. மூடி கழண்டு மாவுல விழற பேனான்னா அதுக்கும் ஒரு குறை எழுதுவாங்க. மார்க் வேற போடுவாங்க. உங்களுக்கு இப்ப அது வேணாம்."

என் முதல் நல்ல வார்த்தை இதற்குத்தான். இந்தத் தரங்களை இவ்வளவு தெளிவாக ஒப்பிட்டுச் சொன்ன வேறொருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அன்று அவர் கிளம்பிப் போன பிறகு, அவர் வாயால் கேட்டதை அப்படியே என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தணிகாசலத்துக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லப்போகும் எதையும் படித்துவிட்டு "பாவம், தெரியாமல் செய்துவிட்டார்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் வைக்கிறேன்.

பிறகு அவர் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் இடம். கீழ்த்தளத்தில் இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, காஞ்சிபுரம் இட்லிக்கான மாவுக் கலவை. மாடியில் முதலாளியின் அண்ணன் பட்டு வைத்திருக்கிறார். தெருவில் நெய்பவர்களுக்குத் தறியில் கட்டும் பாவு நூலும் சரிகையும் அங்கிருந்துதான் போகின்றன. மாடிக்கு இருப்பது ஒரே படி. அது கீழே வந்து முடிகிற இடம் எங்கள் பெண்கள் உடை மாற்றிக்கொள்ளும் அறை. தணிகாசலம் அந்தப் படியில் பாதி தூரம் ஏறினார். கைப்பிடிச் சுவரில் விரலைத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதலாளிக்கு ஐ.எஸ்.ஓ. போதும் என்று சொன்னவர் அவர்தான்.

அதற்கான பதிவேடுகளை அவர் தயாரித்த விதத்தை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். தரை கழுவிய பதிவேடு எங்களிடம் சில வாரங்களுக்கு இல்லை. கழுவினோம், எழுதவில்லை. அவர் நாலு பேனாக்களை மேசையில் வரிசையாக வைத்தார். திங்கட்கிழமைக்கு ஒரு நீலம், செவ்வாய்க்குக் கறுப்பு, இடையில் ஒரு நாள் பேனா எழுதாமல் கீறியதுபோல ஒரு கோடு. எழுதி முடித்ததும் காப்பி டம்ளரின் அடியை ஒரு பக்கத்தில் அழுத்தி வட்டம் போட்டார்.

"எதுக்கு சார் இது?"

"பேப்பர் அழுக்கா இருந்தாத்தான் தரை சுத்தமா இருக்குதுன்னு நம்புவாங்க பாப்பா."

நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார். பிறகு மேல் வலது மூலையைக் காட்டி, "தேதி போட மறந்துடாத. தேதி இல்லாத பேப்பரு பேப்பரே இல்ல" என்றார். பொய்ப் பதிவேட்டுக்குத் தேதி போடும் ஒழுங்கைச் சொல்லித்தந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அந்தப் பழக்கம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. தனக்காகக் கிறுக்கிக்கொள்ளும் துண்டுச் சீட்டுக்கும் தேதி போடுவார். பயிற்சி வகுப்புகளில் பொட்டலம் கட்டும் பெண்களை எல்லாம் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவைப்பார்.

இனி இரண்டாவது நல்ல வார்த்தை. எங்கள் இட்லிக் கலவைக்குப் புதிய உறை அச்சாகத் தயாராக இருந்தது. அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம். இதில் கோதுமை ஏது? வெளிநாட்டில் கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குக்கூடத் தரலாம் என்று உறையில் எழுதியிருந்தோம். அந்த வாசகத்துக்கு ஒப்புதல் கொடுத்தவள் நான். தணிகாசலம் உறையைப் பார்த்தார். "பெருங்காய டப்பாவ எடுத்துக்கினு வாங்க" என்றார். பொட்டலம் கட்டும் ஒன்பது பெண்களும் நின்று பார்க்க, டப்பாவைத் திருப்பி அடியிலிருந்த சின்ன எழுத்தைப் படித்தார். கூட்டுப் பெருங்காயத்தில் சேர்ப்பது கோதுமை மாவு.

"வீட்ல அலமாரி நெறைய புக்கு வெச்சிருக்குதாம் இந்தப் பொண்ணு. ஒரு டப்பாவ திருப்பிப் படிக்கத் தெரியல பாருங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவர் பெயர் ரெஜினா. உறை மாற்றி அச்சானது. யாரோ ஒரு குழந்தை எங்கேயோ அந்த இட்லியைத் தின்று மூச்சுத்திணறாமல் இருந்திருக்கிறது என்றால் அது தணிகாசலத்தால்தான். இதை நான் மறுக்க மாட்டேன். அவர் அதைச் சொன்ன விதத்தையும் மறக்க மாட்டேன்.

ஐ.எஸ்.ஓ. தணிக்கைக்கு முன்பு அவர் வரைபடம் வரைந்து கொண்டுவந்தார். எந்தத் தரமாக இருந்தாலும் கட்டடத்தின் வரைபடம் கேட்பார்கள். ஆள் எந்த வழியாக வருகிறார், பொருள் எந்த வழியாகப் போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். அவருடைய வரைபடத்தில் உடை மாற்றும் அறை இருந்தது. மாடிப்படி இல்லை. படி இருக்கும் இடத்தில் நேரான ஒரு சுவர் இருந்தது. தணிக்கையாளர் தேதி சொல்லித்தான் வந்தார். அன்று காலை அந்தப் படியின் வாயில் ஓர் இரும்பு அலமாரி நின்றது. அதில் தலை உறைகளும் மேலங்கிகளும் அழகாக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. மாலை அலமாரி பழைய இடத்துக்குத் திரும்பியது. மாடியிலிருந்து ஆட்கள் தோளில் பாவும், கூடையில் சரிகைக் கண்டுகளுமாக அந்த அறை வழியே இறங்கிப் போனார்கள். சான்றிதழ் வந்தது. அலுவலகச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து புகார் வந்தது. அங்கே ஒரு கடையில் எங்கள் இட்லிப் பொடி வாங்கிய பெண்மணி எண்ணெய் விட்டுக் குழைத்தபோது ஒரு மினுங்கல் தெரிந்திருக்கிறது. படம் அனுப்பியிருந்தார்கள். வேறு ஊரில் அதைப் பார்த்தவர்கள் என்னவென்றே கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அரை விரல் நீளத்துக்குச் சரிகை.

மெட்டல் டிடெக்டர் அதைப் பிடிக்காது. அவ்வளவு மெல்லிய இழைக்கு அது நிற்காது. எங்களுடைய ஆபத்துப் பட்டியலில் கண்ணாடி, கல், ஆணி, முடி எல்லாம் இருந்தன. சரிகை இல்லை. உங்கள் எல்லோருக்கும் கொடுத்த அதே பட்டியலைத்தான் அவர் எங்களுக்கும் கொடுத்திருந்தார். கேள்வியையும் நாமே எழுத வேண்டும் என்றாரே, அந்தக் கேள்வியைத்தான் எழுதாமல் விட்டிருந்தோம்.

வாங்கியவர்கள் காரணம் கேட்டார்கள். காரணமும் திருத்த நடவடிக்கையும் எழுதி அனுப்ப வேண்டும். தணிகாசலம் மறுநாள் காலையிலேயே படிவத்தைத் தட்டச்சு செய்து எடுத்துவந்தார். "பணியாளர் ஒருவர் வீட்டிலிருந்து ஆடையில் ஒட்டிய சரிகையோடு வந்தது. பணியாளர் நீக்கப்பட்டார்." பணியாளரின் பெயர் ரெஜினா.

அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி இருந்தார், தணிகாசலம் இருந்தார், நான் இருந்தேன். ரெஜினாக்கா படிவத்தை முழுவதும் படித்தார்.

"சார், எங்க வீட்ல தறியே கெடையாது. நாங்க கூரம் ஊருக்காரங்க. எங்கப்பா ஏரு ஓட்னவரு, அதுவும் அடுத்தவன் நெலத்துல. எங்கிட்ட சரிகை ஏது சார்? எம் பொண்ணு கல்யாணத்துக்கே பாலியஸ்டர்தான் எடுத்தேன்."

"பஸ்ல வர்றியே. பக்கத்துல உக்காந்தவங்க பொடவைல இருந்து ஒட்டியிருக்கும்" என்றார் தணிகாசலம்.

"மத்தவங்க எல்லாரு வீட்லயும் தறி இருக்குது. எம் மேல மட்டும் எப்டி சார் ஒட்டும்?"

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். ரெஜினாக்கா அழவில்லை. வேலை போவது முடிவாகிவிட்டது என்று புரிந்த பிறகு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நீக்கும் கடிதத்தில் "உணவுப் பாதுகாப்பு விதிமீறல்" என்று எழுத வேண்டாம், வேறு எதையாவது எழுதுங்கள் என்றார். அந்த வார்த்தை இருந்தால் வேறெந்த உணவுக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

"மாத்தினா ரெக்கார்டோட ஒத்துப் போவாதும்மா" என்றார் தணிகாசலம்.

படிவத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். நடுவில் இருப்பது என்னுடையது. போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று எழுத மாட்டேன். தினமும் அந்தப் படியைத் தாண்டித்தான் நானும் போய்வந்தேன்.

அன்று மதியம் தணிகாசலம் ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே போனேன்.

"ஏன் சார் ரெஜினாக்கா?"

"மத்த எட்டுப் பேருல யாரு பேர எழுதினாலும் சாயங்காலம் முதலாளி வீட்டு வாசல்ல சொந்தக்காரன் வந்து நிப்பான். இந்தப் பொம்பளைக்கு யாரு வருவாங்க?"

"அப்ப காரணம்?"

"காரணம் ஆளுன்னா ஒரே நாள்ல முடிச்சிடலாம் பாப்பா. காரணம் கட்டடம்னா ஒரு வருஷம் ஆவும், செலவும் ஆவும். ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா ஒன்பது பேருக்கும் வேல போவும். நான் எட்டுப் பேர காப்பாத்தி இருக்கறேன்னு நெனச்சிக்கோ."

"அப்படின்னா கட்டடம்தான் காரணம்னு உங்களுக்குத் தெரியும், இல்லியா?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "நீ நெறையப் படிக்கற. அதான் உனக்கு எல்லாமே பெருசாத் தெரியுது." போய்விட்டார். அந்தக் கேள்விக்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரோடு வேலைக்கு அவசியமானதைத் தவிர ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

சரிகைப் புகாரின் விளைவாகத்தான் லண்டன்காரர்கள் இந்த ஆண்டு அந்தக் கடைசிக் கட்டத்துத் தரத்தைக் கேட்டார்கள். அது இல்லாமல் இனி வாங்க மாட்டோம் என்றார்கள். தணிகாசலம் அதற்கான வேலையைத் தொடங்கியிருந்தார். தொடங்கிய மூன்றாவது வாரம் வாலாஜாபாத்தில் அந்த நாற்காலி.

துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் எங்கள் ஃபைல் அங்கே இருந்தது. உங்களில் பலரும் அதற்காகத்தான் வந்திருந்தீர்கள். வாசலில் பார்த்துக்கொண்டோம், யாரும் அதைப் பேசவில்லை. அவருடைய மனைவி கறுப்புப் பெட்டியைத் திறந்து வைத்து, அந்தந்தக் கம்பெனியின் பெயரைப் படித்துப் படித்துக் கொடுத்தார். என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"நீதான் கேள்வி கேக்கற அந்தப் பொண்ணா? உன்னக் கண்டாலே அவருக்கு ஆவாதும்மா."

"எனக்கும்தாம்மா" என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

ஃபைலை வீட்டுக்கு எடுத்து வந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். அடியில் அந்த ஒப்பீட்டுக் கட்டத்தின் நகல் ஒன்று இருந்தது. உறை போடாதது. அச்சடித்த கட்டங்களுக்கு வலப்பக்கம் பென்சிலால் இன்னொரு பத்தி வரைந்திருந்தார். தலைப்பில் "மாடிப்படி" என்று எழுதியிருந்தது.

லைசென்ஸ்: கேட்க மாட்டார்கள்.

ஹாசப்: நாம் எழுதினால்தான்.

ஐ.எஸ்.ஓ.: தேதி சொல்லி வருவார்கள். அலமாரி போதும்.

எஃப்.எஸ்.எஸ்.சி.: சொல்லாமல் வரும் வருஷம் கஷ்டம்.

லண்டன்: சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். முடியாது.

அதற்குக் கீழே இரண்டு வரி: "பெண்கள் உடை மாற்றும் அறையில் இறங்குகிறது. சரிகை விழும்."

மேல் வலது மூலையில் தேதி. எங்கள் கம்பெனிக்கு அவர் வந்த முதல் நாள். படியில் பாதி ஏறி, விரலைத் தேய்த்துப் பார்த்த நாள். லண்டனில் அந்தப் பொடியில் எண்ணெய் ஊற்றுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. தேதிகளைப் பொய்யாகப் போடத் தெரிந்தவர்தான். ஆனால் தனக்காக எழுதிக்கொண்டதில் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரு மனிதருக்கு இவ்வளவு தெரிந்திருந்தது. எந்தத் தரம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று ஐந்தையும் ஒப்பிட்டு, சாப்பிடுகிறவரைக் காப்பாற்றுவதற்கு இருக்கும் அறிவு முழுவதையும் கொண்டு, ஒரு படியை எங்கே ஒளிக்கலாம் என்று கண்டுபிடித்திருந்தார். ஒளிக்க முடியாத தரங்களை முதலாளிக்கு "வேணாம்" என்றார். வருமென்று அவரே எழுதி வைத்தது வந்தபோது, பழியைப் படியில் போடாமல் ரெஜினா மேல் போட்டார். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்த அதே கண்கள்தான். அதனால்தான் எனக்கு ஆத்திரம் தணியவில்லை.

மறுநாள் புதிய வரைபடம் ஒன்று வரைந்தேன். மாடிப்படியோடு. பழைய புகாரின் படிவத்தை மீண்டும் திறந்து, காரணம் என்ற இடத்தில் படியை எழுதினேன். ரெஜினாவுக்கு ஒரு கடிதம். மூன்றையும் தணிகாசலத்தின் பென்சில் தாளின் நகலோடு முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"செத்துப்போன மனுஷன் பேப்பர வெச்சிக்கினு எங்கிட்ட வம்பு பண்றியா?"

"வம்பு இல்ல சார். லண்டன் தரத்துக்கு வரைபடம் குடுக்கணும். படி இல்லாத வரைபடத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உங்கப்பன் எங்கண்ணன்கிட்டதான் பாவு வாங்கி நெய்யறான். ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது சார். போன தடவ அதனாலதான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் பென்சில் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். கடைசி வரியில் விரல் வைத்து, "இதெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லியே அந்தாளு" என்றார். அதை நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிறகு சொன்னார்: "அவரு இருந்திருந்தா இத எப்படியாவது முடிச்சிக் குடுத்திருப்பாரு."

"குடுத்திருப்பாரு சார்."

காகிதங்கள் இரண்டு நாள் அவர் மேசையிலேயே கிடந்தன. மூன்றாம் நாள் காலை என் மேசைக்குத் திரும்பியிருந்தன. மூன்றிலும் கையெழுத்து, கடிதத்தில் கம்பெனி முத்திரை. அவர் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. படியை ஒளித்துத் தர இனி ஆள் இல்லை, அவ்வளவுதான். இந்த வாரம் அப்பாவுக்குப் பாவு வரவில்லை. தாமதம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாமதமாகவே இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு கூரத்துக்குப் போனேன். ரெஜினாக்கா அப்போதுதான் ஜெபம் முடிந்து கோயிலிலிருந்து வந்திருந்தார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். அதே கேன்டீனில் சமையலில் ஆள் எடுத்தபோது இவரையும் கூப்பிட்டார்களாம். பழைய கடிதத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"என்ன மேடம், எந்தப் படிவத்துல கையெழுத்து வாங்க வந்துகிற?"

கடிதத்தைக் கொடுத்தேன். உங்கள் மேல் எழுதப்பட்ட காரணம் தவறு. சரிகை மாடிப்படியிலிருந்து வந்தது. விதிமீறல் எதுவும் உங்களால் நடக்கவில்லை. அதில் இருந்தது இவ்வளவுதான். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு தணிகாசலத்தின் பென்சில் தாளையும் காட்டினேன். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார்.

"சரிகை விழும்." தாளை என்னிடம் திருப்பி நீட்டினார். "மொத நாளே தெரியும் அந்தாளுக்கு. தெரிஞ்சிக்கினேதான் பஸ்ல ஒட்டிச்சின்னாரு. சரி, அவரு போயிட்டாரு. நீ இத எழுதறதுக்கு அவரு சாவணுமா?"

இந்தக் கேள்விக்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட என்னிடம் ஸ்கூட்டரும் இல்லை. நின்றேன்.

ரெஜினாக்கா கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்து, மேல் வலது மூலையைப் பார்த்தார்.

"தேதி போட்டுகிற இல்ல? தேதி இல்லாத பேப்பரு பேப்பரே இல்லன்னு சொல்லுவாரே."

போட்டிருந்தேன். எழுதிய அன்றைய தேதி. ஓர் ஆண்டுக்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கடிதத்துக்கு இந்த வாரத்துத் தேதி. அதைப் பார்த்துவிட்டு அவர் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்தார்.

தணிகாசலத்திடமிருந்து எதை வைத்துக்கொண்டேன் என்று இந்தக் கட்டுரையை முடிக்கும்போது எழுத வேண்டும். அவருடைய பேனாக்கள் எனக்கு வேண்டாம். தாளில் காப்பி வட்டம் போடவும் மாட்டேன். அந்தப் பென்சில் தாள் மட்டும் எங்கள் ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது. யார் எப்போது சொல்லாமல் வந்து திறந்தாலும் முதலில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். நீங்களும் உங்கள் ஃபைலின் அடியில் தேடிப் பாருங்கள். உங்கள் கட்டடத்திலும் அவர் பாதி ஏறி இறங்கிய படி ஒன்று இருக்கும். வலப்பக்கம் பென்சிலால் எழுதியும் வைத்திருப்பார், தேதியோடு.

எங்கள் மாடிப்படி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இப்போது வரைபடத்திலும் இருக்கிறது.